சூரியன் பேரால் ஏழை வீட்டில் வசூல்

உலகத்தில் எந்த அக்கிரமத்தையும் அதனதன் சொந்தப் பேரைச் சொல்லிச் செய்ய எவனும் துணிவதில்லை. வசூல் செய்கின்றவன் சாமி பேரால் வசூல் செய்வான். கொடுப்பவன் யார், கொடுக்காமல் தப்பித்துக் கொண்டவன் யார், கடைசியில் தின்றவன் யார் என்று ஒருவன் கணக்குக் கேட்டுவிட்டாலோ, கேட்டவன் நாஸ்திகன், நல்ல காரியத்துக்கு விரோதி என்று சொல்லி வாயை அடைத்துவிடுவான். இந்த வித்தை நம் நாட்டுக் கோவில் தர்மகர்த்தாக்களுக்கு மாத்திரமே தெரிந்தது என்று நாம் நினைத்திருப்போமானால் அது தப்பாகும். படிப்பிலும் இயந்திரத் தொழிலிலும் முன்னணியில் நிற்பதாகச் சொல்லப்படும் ஜெர்மனி தேசத்திலே, 2000-ம் வருஷம் முதல் 2022-ம் வருஷம் வரையில், சூரியன் பேராலும் காற்றின் பேராலும் வீட்டுக்கு வீடு மின்சார மீட்டரில் ஒரு வசூல் நடந்து வந்திருக்கின்றது. அதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகின்றோம். சூரிய வெளிச்சத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பதற்கு நாம் விரோதிகள் அல்ல. சூரியன் சாமியுமல்ல, ஏழு குதிரை பூட்டிய தேரில் வருகின்றவனுமல்ல. அது நெருப்புக் கோளம். அதை ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கும்பிட்டதில் ஒரு அகல் விளக்குக் கூட எரிந்ததில்லை. அதன் வெளிச்சத்தைக் கண்ணாடிப் பலகையில் பிடித்து விளக்கெரிய வைத்தவனே பகுத்தறிவுக்காரன். நிலக்கரிப் புகை மனிதனுடைய நுரையீரலைக் கெடுப்பதும், பூமியின் வெப்பத்தை ஏற்றுவதும் இன்று விஞ்ஞானம் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கின்ற விஷயங்கள். ஜெர்மனியில் 2000-ம் வருஷத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவிலேயே இருந்த, வெயில், காற்று, நீர் முதலிய புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுக்கும் மின்சாரம், 2023-ல் செலவழிந்த மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டதாகிவிட்டது. அது பெரிய காரியம்தான். ஆனால், காரியம் பெரியது என்பதாலேயே அதற்குப் பணம் பிடுங்கிய விதமும் யோக்கியமானது என்று ஆகிவிடுமா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

"ஜெர்மனிக்காரன் மின்சாரத்துக்கு என்ன கொடுத்தால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக் கூடும். நமக்குச் சம்பந்தமுண்டு. ஒரு காலத்தில் யானை விலை விற்ற சோலார் பலகை இன்று நம் ஊர்க் கூரைகளில் ஏறும்படி மலிந்திருக்கின்றதென்றால், அதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று, அது கிராக்கியாயிருந்த காலத்தில் ஜெர்மனி அதை ஏராளமாக வாங்கிப் பூட்டியதேயாகும். வாங்குவோர் உண்டென்று தெரிந்ததும் சீனாவில் பெரும் தொழிற்சாலைகள் கிளம்பின, உற்பத்தி பெருகிற்று, விலை இறங்கிற்று. ஆதலால் நம் கூரைமேல் இருக்கும் பலகையின் மலிவில், பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் வாடகை வீட்டில் குடியிருந்த கூலிக்காரன் கொடுத்த காசும் கலந்திருக்கின்றது. அவன் எப்படிக் கொடுத்தான் என்பதை அறிவது நமக்குப் பொருத்தமில்லாத பேச்சு ஆகாது.

வசூல் நடந்த விதம்

2000-ம் வருஷத்தில் ஜெர்மன் சர்க்கார் ஒரு சட்டம் செய்தார்கள். அதன் சாரமென்னவெனில், எவன் சோலார் பலகை வைத்தாலும், காற்றாலை நிறுத்தினாலும், அவனுடைய மின்சாரத்தை ஒரு நிர்ணயமான விலைக்கு இருபது வருஷம் வரையில் வாங்கிக் கொள்ள வேண்டும் என்பதாகும். சோலார் மின்சாரத்துக்கு ஆரம்பத்தில் யூனிட்டுக்குச் சுமார் 50 சென்டும், 2004-ல் சிறு கூரைகளுக்கு 57 சென்டுக்கு மேலும் விலை வைக்கப்பட்டது. சந்தையில் மின்சாரம் மொத்த விலைக்குச் சில சென்டுகளுக்கே கிடைத்த காலம் அது. சில சென்டு பெறும் சரக்குக்கு 57 சென்டு கொடுத்தால், நடுவிலுள்ள துண்டு விழும் தொகையை யார் கொடுப்பது? அதை மின்சாரம் உபயோகிப்போர் தலையில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுப் பில்லில் சேர்த்துவிட்டார்கள்.

2004-ல் அத்தேசத்துச் சுற்றுச்சூழல் மந்திரியாயிருந்த யூர்கன் டிரிட்டின் என்பவர், இதனால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு மாதம் ஒன்றுக்கு ஒரு யூரோதான் செலவாகும், அது ஒரு கரண்டி ஐஸ்கிரீம் விலைதான் என்று ஜனங்களுக்குச் சமாதானம் சொன்னார். அந்த ஒரு கரண்டி என்னவாயிற்று என்பதைப் பார்ப்போம். 2010-ல் யூனிட்டுக்கு 2.05 சென்டு, 2013-ல் 5.28 சென்டு, 2014-ல் 6.24 சென்டு, 2017-ல் 6.88 சென்டு. வருஷத்துக்கு 3500 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொண்டால், 2017-ல் இந்த ஒரு வசூல் மாத்திரம் சுமார் 241 யூரோ. இந்த வசூலின் மேலும் நூற்றுக்கு 19 வீதம் விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்தால் சுமார் 286 யூரோ. அதாவது மாதத்துக்கு 24 யூரோ. மந்திரியின் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் பதின்மூன்று வருஷத்தில் இருபத்துநான்கு கரண்டியாயிற்று. அந்த ஐஸ்கிரீம்தான் கொடுத்தவன் வாய்க்கு வரவில்லை.

கொடுத்தவன் யார், தப்பியவன் யார்?

உப்பு வரியை ஜனங்கள் ஏன் வெறுத்தார்கள்? பணக்காரனும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உப்புத் தின்ன முடியும். ஆகவே உப்பின்மேல் போட்ட வரி ஏழையின் வயிற்றில் அடிக்கும், பணக்காரனுக்குத் தெரியவும் தெரியாது. மின்சாரத்தின் மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று போடும் வரியும் அப்படிப்பட்டதே. ஒரு குடும்பத்துக்கு மாதம் 1500 யூரோ வரும்படி, மற்றொரு குடும்பத்துக்கு 15000 யூரோ வரும்படி என்று வைத்துக் கொள்ளுவோம். பத்து மடங்கு வரும்படியுள்ளவன் பத்து மடங்கு மின்சாரமா எரிக்கப் போகின்றான்? பெரிய வீடு, பெரிய பெட்டி என்று இரண்டு மடங்கு எரிப்பான் என்றே வைத்துக் கொள்ளுங்கள். 2017-ம் வருஷத்துக் கணக்குப்படி ஏழைக்கு அவன் வரும்படியில் நூற்றுக்கு 1.6 பங்கு போயிற்று, பணக்காரனுக்கு 0.3 பங்கு போயிற்று. ஏழையின் சுமை ஐந்து மடங்கு. இதற்குப் பேர் பொது நன்மையாம்!

இதுவாவது போகட்டும். பெரிய தொழிற்சாலைகள் என்ன கொடுத்தன? 2013-ம் வருஷத்து விதிப்படி, வருஷத்துக்குப் பத்துக் கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் இழுத்து, தன் உற்பத்தியில் கிடைக்கும் மதிப்பில் ஐந்திலொரு பங்குக்குக் குறையாமல் மின்சாரத்துக்கே செலவழிக்கும் தொழிற்சாலை, யூனிட்டுக்கு 0.05 சென்டு கொடுத்தால் போதும். அதே வருஷத்தில் அதே தெருவிலுள்ள கூலிக்காரன் கொடுத்தது 5.28 சென்டு. நூறு மடங்குக்கு மேல்! 2014-ல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் ஏதோவொரு அளவில் இந்தச் சலுகையை அனுபவித்தன. அவை கொடுக்காமல் விட்ட பங்கு ஆகாயத்தில் மறைந்துவிடவில்லை. அதுவும் மற்றவர்கள் பில்லில் யூனிட் கணக்கில் ஏறிற்று. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனையாவது பொறுக்கலாம். இங்கே ஏழை வீட்டுத் தேங்காய் எஃகு ஆலைக்கும் இரசாயன ஆலைக்கும் அல்லவா உடைக்கப்பட்டிருக்கின்றது.

இதிலும் ஒரு விசித்திரம் இருக்கின்றது. காற்றுக்கும் வெயிலுக்கும் கரி வாங்க வேண்டியதில்லையாகையால், அந்த மின்சாரம் சந்தைக்கு வந்த உடனே அதிகச் செலவுள்ள நிலக்கரி, எரிவாயு இயந்திரங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மொத்த விலை இறங்கும். மொத்த விலைக்கு வாங்கும் பெரிய ஆலைக்கு அது இலாபம். ஆனால் குடும்பத்துக்கோ? சூரிய மின்சாரத்துக்குச் சட்டம் வைத்த விலை அப்படியே நிற்க, சந்தை விலை இறங்க இறங்க, நடுவிலுள்ள துண்டு பெரிதாகும். துண்டு பெரிதானால் வசூல் ஏறும். ஆகவே மின்சாரம் சந்தையில் மலிய மலிய ஏழைக்கு வசூல் ஏறிற்று! ஆலைக்காரனுக்கு இரண்டு விதத்தில் இலாபம்; வீட்டுக்காரனுக்கு இரண்டு விதத்தில் நஷ்டம்.

பிறகு அந்த 57 சென்டு யாருக்குப் போயிற்று? கூரை இருக்கின்றவனுக்குப் போயிற்று. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் குடியிருக்கின்றன. மாடி வீட்டில் மூன்றாவது தட்டில் குடியிருக்கின்றவனுக்குக் கூரை ஏது? கூரை வீட்டுச் சொந்தக்காரனுடையது; பலகை அவனுடையது; இருபது வருஷத்துக்கு நிர்ணயமான வரும்படியும் அவனுடையது. வாடகைக்காரன் முதல் தேதியில் வாடகையும் கொடுத்து, மீட்டர் வழியாக வீட்டுக்காரனுடைய பலகைக்கும் கப்பம் கட்டினான். குடித்தனக்காரர்களுக்கும் அவர்கள் குடியிருக்கும் கட்டிடத்துக் கூரை மின்சாரம் சகாயமாய்க் கிடைக்கும்படி ஒரு தனிச் சட்டம் வந்தது 2017-ல்தான். பந்தி முடிந்து பதினேழு வருஷம் கழித்து இலை போட்டார்கள்!

விளக்கணைந்த வீடுகள்

இந்த வசூலும், மற்ற வரிகளும், கம்பிக் கட்டணமும் சேர்ந்து, 2000-ம் வருஷத்தில் யூனிட்டுக்குச் சுமார் 14 சென்டாயிருந்த வீட்டு மின்சார விலை, 2019-ல் சுமார் 30 சென்டுக்கு வந்துவிட்டது. விலையேற்றம் முழுவதும் இந்த வசூலினால்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதில் பெரிய பங்கு இதனுடையது. இதன் பலன் என்ன? பில் கட்ட முடியாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடுகள் 2012-ல் மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். 2014-ல் மூன்றரை இலட்சம். 2018-ல் இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல். ஐரோப்பாவிலேயே செல்வம் மிகுந்த தேசங்களில் ஒன்றில், வருஷந்தோறும் இத்தனை இலட்சம் வீடுகளில் விளக்கணைந்து, அடுப்பணைந்து, குழந்தைக்குப் பால் காய்ச்ச முடியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கின்றார்கள் என்றால், அந்தத் தேசத்தார் சூரியனைப் பிடித்து என்ன பிரயோஜனம்?

"ஏழைகளுக்குத்தான் சர்க்கார் உதவித் தொகை கொடுக்கின்றார்களே" என்று சிலர் சொல்லுகின்றார்கள். கொடுக்கின்றார்கள், ஆனால் சாப்பாடு, துணிமணி இவைகளோடு மின்சாரத்தையும் ஒரே மொத்தத் தொகைக்குள் அடக்கிக் கொடுக்கின்றார்கள். மின்சாரப் பில் ஏறினால் ரொட்டியைத்தான் குறைக்க வேண்டும். அன்றியும், உதவித் தொகை வாங்காமல் கூலி வேலை செய்து மானத்தோடு பிழைக்கின்றவனுக்கு அதுவும் இல்லை.

நிலக்கரிக்கு ஒரு நீதி, வெயிலுக்கு ஒரு நீதி

இஃதிப்படியிருக்க, இது அநீதி என்பது அந்தத் தேசத்தாருக்குத் தெரியாதா என்றால், நன்றாய்த் தெரியும். எப்படியெனில், 1975 முதல் ஜெர்மனியில் உள்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களைக் காப்பாற்றுவதற்காக, மின்சாரப் பில்லின் மேல் "நிலக்கரிக் காசு" என்று ஒரு வசூல் நடந்து வந்தது. 1994-ல் அத்தேசத்து அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த வசூல் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. காரணம் என்ன? மின்சாரம் என்பது அன்றாட உணவு போல எல்லோருக்கும் வேண்டிய வஸ்துவாகிவிட்டது. தேசத்துக்குப் பொதுவான ஒரு காரியத்தின் செலவை, மின்சாரம் வாங்குகின்றவன் என்பதற்காக ஒருவன் தலையில் ஏற்றுவது தகாது. அது வரி கொடுப்போர் எல்லோரும் சேர்ந்து பொதுப் பணத்திலிருந்து சுமக்க வேண்டியது என்பதுதான். எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்கள்! அதன்படி நிலக்கரிக்குக் கொடுக்கும் உதவி பிறகு சர்க்கார் கஜானாவிலிருந்து கொடுக்கப்பட்டது.

ஆனால் ஆறே வருஷத்தில் வெயிலுக்கும் காற்றுக்கும் திரும்பவும் மின்சாரப் பில்லிலேயே கை வைத்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பு எங்கே போயிற்று? இந்தத் தடவை பணத்தைச் சர்க்கார் கஜானாவுக்குள் விடாமல், கம்பெனிக்குக் கம்பெனி கை மாறும்படி ஏற்பாடு செய்துவிட்டார்கள். 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றமும், 2012-ம் வருஷத்துச் சட்டப்படி வசூலான பணம் சர்க்கார் பணமாகாது; ஆகையால் ஆலைகளுக்குக் கிடைத்த சலுகை சர்க்கார் உதவியாகாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. சட்ட நுணுக்கம் எப்படியோ இருக்கட்டும். வசூல் செய்யச் சொன்னது சர்க்கார் சட்டம்; சலுகை கொடுத்தது சர்க்கார் சட்டம்; பணம் மாத்திரம் சர்க்காருடையதல்லவாம்! பில் கட்டத் தவறியவன் வீட்டில் கம்பியை அறுத்தபோது அது யாருடைய பணமாக இருந்தது என்று கேட்கின்றோம்.

ஆக்ஷேபனைகள்

"இந்த வசூல் இல்லாவிட்டால் சோலாரும் காற்றாலையும் வந்திருக்குமா?" என்பது முதல் ஆக்ஷேபனை. பணம் இல்லாமல் வந்திராது என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகின்றோம். ஆனால், பணம் வேண்டும் என்பது வேறு. ஏழை மீட்டரிலிருந்துதான் வேண்டும் என்பது வேறு. நிலக்கரிக்குக் கஜானாவில் இருந்த பணம் சூரியனுக்கு மாத்திரம் ஏன் இல்லாமல் போயிற்று?

"விலை ஏறினால்தான் ஜனங்கள் சிக்கனமாக எரிப்பார்கள்" என்பது இரண்டாவது. யார் சிக்கனம் செய்ய முடியும்? கையில் பணமுள்ளவன் பழைய குளிர்பெட்டியை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவான். சுவருக்கு மெத்தை வைப்பான். சொந்தப் பலகை வைத்துச் சொந்த மின்சாரம் எரித்து வசூலிலிருந்தே பெரும்பாலும் தப்பிவிடுவான். வீட்டுக்காரன் பூட்டிவைத்த பழைய வெந்நீர் இயந்திரத்தை வாடகைக்காரன் என்ன செய்வான்? குளிக்காமல்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டு மின்சாரத்துக்கு வாருங்கள் என்று ஒரு பக்கம் உபதேசம்; அந்த மின்சாரத்தின் மேலேயே மறுபக்கம் வசூல். எரிவாயு எரித்து வீட்டைச் சூடாக்கியவன் அந்த எரிவாயுவுக்காக இந்த வசூலில் ஒரு சென்டும் கொடுக்கவில்லை. மின்சாரத்தால் சூடாக்கியவன் முழுதும் கொடுத்தான். பூமியைக் காக்க வந்த வசூல், பூமியைக் காக்க வந்தவனுக்கே அபராதமாயிற்று. இது பகுத்தறிவுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

"ஆலைகளுக்குச் சலுகை கொடுக்காவிட்டால் அவை வேறு தேசத்துக்குப் போய்விடும், தொழிலாளிக்கு வேலை போய்விடும்" என்பது மூன்றாவது. இதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அப்படியானால் ஆலைகளைக் காப்பாற்றுவதும் தேசத்துக்குப் பொதுவான காரியம்தானே? அதற்கும் பொதுக் கஜானாவல்லவா பொறுப்பு? வரும்படிக்குத் தக்கபடி வரி கொடுப்போரிடமிருந்து அது வரட்டும். தொழிலாளிக்கு வேலை கொடுத்தோம் என்று சொல்லிக் கொண்டு, அவன் வீட்டு மீட்டரிலேயே அந்த வேலையின் விலையை வசூல் செய்வது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக ஒரு கூட்டம் இருக்கின்றது. "பார்த்தீர்களா! ஏழைகள் கஷ்டப்படுகின்றார்கள், ஆகையால் சோலாரும் வேண்டாம், காற்றாலையும் வேண்டாம், பழையபடி நிலக்கரியையே எரிப்போம்" என்று கண்ணீர் விடுகின்ற கூட்டம். ஆடு நனைகின்றதென்று ஓநாய் அழுத கதைதான் இது. இருபது வருஷமாய் மின்சாரப் பில்லில் நிலக்கரிக் காசு வசூலானபோது இந்தக் கண்ணீர் எங்கே போயிருந்தது? நம்முடைய எழுத்தை இக்கூட்டத்தார் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக் காட்டுவார்களானால், அது பித்தலாட்டம் என்று இப்பொழுதே சொல்லிவைக்கின்றோம்.

பேர் மாறிற்று, பழக்கம் மாறவில்லை

2022-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியில் இந்த வசூல் நிறுத்தப்பட்டு, செலவு சர்க்கார் கஜானாவுக்கு மாற்றப்பட்டது. அதாவது, 1994-ல் நீதிமன்றம் நிலக்கரிக்குச் சொன்ன நியாயத்துக்கு 28 வருஷம் கழித்து வெயிலும் வந்து சேர்ந்தது. வந்த மட்டில் சந்தோஷம்தான். ஆனால் கஜானாவுக்கு மாற்றியும் காற்றாலைகள் நின்றுபோய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2000-ம் வருஷத்திலேயே இப்படிச் செய்திருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் பழக்கம் எளிதில் போவதில்லை. மின்சார வரி என்று வேறொரு வரி அங்கே உண்டு. வீடுகளுக்கு 2003 முதல் யூனிட்டுக்கு 2.05 சென்டு. உற்பத்தி ஆலைகளுக்கு 2024 முதல் அது 0.05 சென்டாகக் குறைக்கப்பட்டது. அதாவது வீட்டுக்கு 41 மடங்கு. 2025-ல் பதவிக்கு வந்த கூட்டு மந்திரிசபைக் கட்சிகள், எல்லோருக்கும் இந்த வரியைக் குறைப்போம் என்று ஏப்ரல் மாதத்து ஒப்பந்தத்தில் எழுதின. ஜூலை மாதத்தில், ஆலைகளுக்கும் விவசாயத்துக்கும் சலுகை நிற்கட்டும், வீடுகளுக்கு இப்பொழுது பணமில்லை என்று முடிவு செய்துவிட்டன. வாக்குக் கேட்கும்போது வீடு. வரி குறைக்கும்போது ஆலை!

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். எந்தத் தேசத்திலாவது எந்த சர்க்காராவது, பூமியைக் காப்பாற்றவும் புகையை ஒழிக்கவும் வீட்டு மின்சாரக் கட்டணத்தை உயர்த்துகின்றோம் என்று வருவார்களானால், ஜனங்கள் பயபக்தியோடு தலையாட்டவும் வேண்டாம், நிலக்கரிக்காரன் பின்னால் ஓடவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இந்தப் பணம் வரும்படிக்குத் தக்கபடி வசூலாகின்றதா? இதிலிருந்து தப்பித்துக் கொள்ளுகின்றவர்கள் யார், அவர்கள் பங்கு யார் தலையில் ஏறுகின்றது? இந்தப் பணத்தால் வைக்கும் பலகை யார் கூரையில் ஏறுகின்றது? இம்மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் சந்தோஷமாய்க் கொடுக்கலாம். பதில் சொல்லாமல் "நல்ல காரியத்துக்குக் கணக்குக் கேட்கலாமா?" என்று மாத்திரம் சொன்னால், வந்திருப்பவன் பழைய தர்மகர்த்தாதான், உண்டியலுக்குப் பதில் மீட்டரைக் கொண்டுவந்திருக்கின்றான் என்று தெரிந்து கொள்ள வேண்டியது.

சூரியன் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் காய்கின்றது. ஏழைக்கு அதிக விலையும் பணக்காரனுக்குக் குறைந்த விலையும் வைத்தவன் மனிதன். மனிதன் வைத்ததை மனிதன் மாற்றலாம்.